சிட்டா நூலும் டில்லி உத்தரவும்

கைத்தறியாளரின் ஜீவனம் தறிக்குழியில் மட்டும் நிர்ணயமாவதில்லை. மத்திய சர்க்காரின் உத்தரவுகளாலும் நிர்ணயமாகிறது. சிட்டா நூலின் வரலாறே இதற்குச் சான்று.

விசைத்தறிக்குக் கோன் நூல் உகந்தது. நமக்கோ சாயம் தோய்க்கவும் கஞ்சியிடவும் சிட்டா நூலே வேண்டும். ஆதலின், உள்நாட்டு விற்பனைக்கு அனுப்பும் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகவே கட்டித்தர வேண்டுமென நூற்பாலைகளுக்கு விதிக்கப்பட்டது. அப்பங்கு முன்னர் நூற்றுக்கு 50 ஆக இருந்தது. 2003இல் 40 ஆயிற்று. 2019இல் 30 ஆகக் குறைந்தது.

சிட்டா நூலுக்குப் போதிய கிராக்கியில்லை என்பது ஆலைகளின் வாதம். அதை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் சிட்டத்தின் பெயரால் கட்டப்பட்ட நூல் விசைத்தறிக்குச் சென்றதும் உண்டன்றோ? கசிவை அடைக்காமல் பங்கைக் குறைப்பது நியாயமாகுமா?

2019-20ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இத்தகையோரின் குறைகளை எடுத்துரைக்க இடமளித்த அகில இந்தியக் கைத்தறி வாரியமும் 2020இல் கலைக்கப்பட்டது. நூலும் குறைந்து, நாவும் அடைபட்டால் நெசவாளர் என் செய்வர்?

ஆகவே, இவ்விகிதத்தை இனி மாற்றுமுன் நெசவாளர் சங்கங்களைக் கலந்தாலோசிக்க வேண்டுமென நாம் வற்புறுத்துகிறோம். நமக்கும் ஒரு கடமையுண்டு. ஒவ்வொரு சங்கமும் தனக்குத் தேவையான நூலின் அளவையும் நம்பரையும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். கேட்காத நூலுக்குக் கிராக்கியில்லை என்று சொல்வது எளிது. ஒன்றுபட்டுக் கேட்போமாக!