மலை ஏறும் சைக்கிள்

என் அக்காள் மகள் சைக்கிளில் உதகமண்டலம் போவதென்று தீர்மானித்திருக்கிறாள். செய்தி வெளியாகி மூன்று வாரம் ஆகிறது. அன்று முதல் எங்கள் குடும்பத்தில் நடந்துவரும் விசாரணையில் முதல் குற்றவாளி நான்தான். "அவள் புத்தியைக் கெடுத்தவன் நீ. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து, சைக்கிளில் நீலகிரி ஏறினேன், ஏறினேன் என்று சொல்லிச் சொல்லி..." என்று அக்கா டெலிபோனில் ஆரம்பித்தால், அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

குற்றச்சாட்டில் பாதி வாஸ்தவம். ஏறிய கதையை நான் வேண்டிய மட்டும் சொல்லியிருக்கிறேன். (ஏறினேன் என்பதற்கு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன் என்று பொருள்.) ஆனால், இறங்கிய கதையை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்தப் பெண் புறப்படப் போகிறாள் என்றதும், அதைச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று தோன்றியது.

அப்போது எனக்கு வயது இருபது. வண்டி, பால்காரரும் தபால்காரரும் வைத்திருப்பார்களே, அந்தக் கறுப்பு சைக்கிள். பின் காரியரில் படுக்கைச் சுருள், அடுப்பு, அரிசி மூட்டை. குன்னூரைத் தாண்டிப் பர்லியாறு நோக்கி இறங்கும்போது மழை பிடித்துக் கொண்டது. அந்த வண்டிகளுக்குக் கம்பி பிரேக். இரும்பு ரிம்மின் உட்புறத்தை ரப்பர் கட்டை வந்து கவ்வ வேண்டும். பளபளக்கும் இரும்பு நனைந்துவிட்டால் ரப்பர் அதன்மேல் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். இரண்டு கைப்பிடிகளையும் விரல் நோக இறுக்கினேன். வண்டியோ மேலும் வேகம் எடுத்தது. காலைத் தரையில் ஊன்றினேன். செருப்பின் அடித்தோல் தேய்ந்து போயிற்று. வளைவில் ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. நான் மலைப் பக்கத்து மண் சரிவில் வண்டியை மோதி விழுந்தேன். மறு பக்கம் திருப்பியிருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவதுதான் எழுதிக் கொண்டிருப்பார்கள். முழங்கையில் இன்றும் தழும்பு இருக்கிறது. வீட்டில், படிக்கட்டில் விழுந்ததாகச் சொன்னேன்.

பெண் கதையைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால் எந்த மாதிரி சைக்கிள் வாங்கலாம், மாமா?" என்றாள். போகாமல் இருக்கலாமா என்று அவள் கேட்கவே இல்லை.

"வாங்க வேண்டாம், கட்டுவோம்" என்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. கடையில் தொங்கும் புது வண்டிகளில் பந்தயத்துக்கானவை இருக்கின்றன. பாறைமேல் குதிப்பதற்கானவை இருக்கின்றன. மூட்டையைச் சுமந்துகொண்டு நாள் முழுதும் நிதானமாகப் போவதற்கென்று அமைந்த வண்டியைத் தேடினால், விலை அத்திம்பேரின் மாதச் சம்பளத்தைத் தொடுகிறது. அத்துடன், தன் கையால் பூட்டிய வண்டியைத்தான் நடுவழியில் தன் கையால் சரி செய்ய முடியும். அவர்கள் வீட்டுச் சாய்ப்பிலேயே ஒரு பழைய கியர் சைக்கிள் துருவேறிக் கிடந்தது. இரும்புச் சட்டம், 26 அங்குலச் சக்கரம், காரியர் பூட்டுவதற்குத் திருகுத் துளைகள். வேறென்ன வேண்டும்? அலுமினியச் சட்டம் இலேசானதுதான். ஆனால் அது விரிசல் விட்டால், மலையடிவாரத்துப் பட்டறைக்காரர் கையை விரித்துவிடுவார். இரும்பை அவர் பற்ற வைத்துக் கொடுப்பார்.

சட்டத்துக்கு அடுத்தபடி பல்லைக் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்; அதற்குள் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏறவேண்டும். நீலகிரி மலை ரயிலையே எடுத்துக் கொள்ளுங்கள். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் போய்ச் சேர்ந்த அந்த ரயில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பதித்திருக்கும் பல் சட்டத்தைப் பற்றிக்கொண்டல்லவா ஏறுகிறது? நீராவி இஞ்சினுக்கே பல் வேண்டியிருக்கும்போது, மனிதர் முழங்கால் எம்மாத்திரம்!

கணக்கு எளியது. என்னுடைய பழைய கறுப்பு வண்டியில் முன்னே 44 பல், பின்னே 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் ஓடும். சமவெளியில் அது சுகம். மலையில் அது முழங்காலுக்குச் செய்யும் துரோகம். பெண்ணின் வண்டியில் முன்புறம் மூன்று பல் சக்கரங்கள் போட்டிருக்கிறோம். அவற்றில் சிறியதற்கு 26 பல். பின்புறம் பெரியதற்கு 34 பல். இந்த ஜோடியில் ஒரு சுற்றுக்கு வண்டி 1.6 மீட்டர்தான் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "நடந்தே போய்விடலாமே!" என்று அத்திம்பேர் சிரித்தார். நடப்பவர் தோளில் மூட்டையைச் சுமக்கவேண்டும், இவள் உட்கார்ந்துகொண்டு போகிறாள் என்று பதில் சொன்னேன்.

அத்திம்பேர் மட்டுமா சிரித்தார்? பிரான்ஸ் தேசத்தில் ஸாந்த் எத்தியென் நகரத்துப் பால் தெ விவீ என்பவர், சாதாரண மனிதர் மலை ஏறுவதற்குப் பல கியர்கள் அவசியம் என்று தம் பத்திரிகையில் வருஷக் கணக்காக எழுதினார். பந்தய வீரர்கள் அதைக் கிழவர்களின் ஊன்றுகோலாகவே நினைத்தார்கள். தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவியை 1937-ல்தான் அனுமதித்தார்கள். பாவம், அவர் 1930-லேயே காலமாகிவிட்டார்.

இனிச் சக்கரம். சுமை வண்டியில் முதலில் ஒடிவது பின் சக்கரத்து ஆரக்கம்பிதான். நம்முடைய பழைய கறுப்பு வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பியும் பின் சக்கரத்துக்கு 40 கம்பியும் இருக்கும். பாரத்தின் பெரும்பகுதி பின்னால் விழுகிறது என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது. நாங்கள் இரண்டுக்கும் 36 கம்பியும் உறுதியான அலுமினிய ரிம்மும் வாங்கி, கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, நாங்களே கோத்தோம். கோப்பது பெரிய வித்தை அல்ல. கோட்டம் எடுப்பதுதான் வித்தை. எல்லாக் கம்பிகளும் ஒரே அளவு விறைப்பாக இருக்கவேண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பங்கு பாரமும் பக்கத்துக் கம்பிகள் தலையில் விழும்.

இந்த இடத்தில்தான் எதிர்பாராத சம்பவம் நடந்தது. அக்கா முப்பது வருஷமாக வீணை சொல்லிக் கொடுப்பவள். நாங்கள் கம்பிகளை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக் கொண்டிருந்தோம். விறைப்பு ஒன்றானால் நாதமும் ஒன்றாக இருக்கும் என்பது சைக்கிள்காரர்களின் பழைய உபாயம். சமையலறையிலிருந்து குரல் வந்தது: "ஏண்டா, அந்த நாலாவது கம்பி சுருதி சேரவில்லை, உன் காதில் விழவில்லையா?" பிறகு அவளே வந்து உட்கார்ந்துவிட்டாள். பின் சக்கரத்தில் செயின் இருக்கும் வலது பக்கத்துக் கம்பிகள் அதிக விறைப்பாக இருப்பதால் அவற்றுக்கு ஒரு சுருதி; இடது பக்கத்துக்கு அதைவிடக் கீழே ஒரு சுருதி. அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் 36 கம்பியும் சுருதி சேர்ந்தன. ஊசல் இல்லாமல் சக்கரம் சுழன்றது. ஆனாலும் பயணத்துக்குச் சம்மதம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

பிரேக் விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. காசு போதாவிட்டால் வர்ணத்தைக் குறைக்கலாம், மணியைக்கூடக் குறைக்கலாம். அலுமினிய ரிம், இருபுறமும் இறுகப் பிடிக்கும் புது பிரேக், புது ரப்பர் கட்டைகள். நனைந்த அலுமினியம் நனைந்த இரும்பைப் போல் கைவிடாது. ஆனால் அதற்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிடித்த பிடியை விடாமல் வந்தால் ரிம் கொதித்து, டியூப் வெடித்துவிடும். ஆகையால் வேகம் ஏறுவதற்கு முன்பே அழுத்திக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்தவேண்டும். அவ்வப்போது நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். பெண்ணை இரண்டு ஞாயிற்றுக்கிழமை மருதமலை இறக்கத்தில், காரியரில் பத்துக் கிலோ அரிசியுடன், இதைப் பழக்கினேன்.

ஸீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தை மாதிரி அகன்று, ஸ்பிரிங் வைத்த ஸீட்டில் கடைத்தெருவுக்குப் போகலாம். நாள் முழுதும் உட்கார்ந்தால் தொடை உராய்ந்து புண்ணாகும். இடுப்பின் அடி எலும்புகள் இரண்டும் சரியாகப் பதியும் அகலம் இருந்தால் போதும். பெண்களுக்கு அந்த அகலம் பொதுவாகச் சற்று அதிகம். உயரம் பார்க்க, குதிகாலைப் பெடல்மீது வைத்து அது அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

உடை என்றதும்தான் வீட்டில் உண்மையான யுத்தம் மூண்டது. "அரை நிஜார் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவாளா? இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் செய்கிற காரியம்!" என்றாள் அக்கா. இரண்டாவது வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. 1923-ல் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபாஸோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் பாலைவனங்களையெல்லாம் கடந்து சுமார் 71,000 கிலோமீட்டர் சுற்றி 1928-ல் ஊர் திரும்பினார்கள். முதல் வாக்கியத்துக்குப் பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1894-ல் ஆனி லண்டன்டரி என்ற பெண்மணி பாஸ்டனிலிருந்து நீண்ட பாவாடையுடன் 19 கிலோ வண்டியில் புறப்பட்டாள். சிகாகோ போய்ச் சேர்வதற்குள் ஞானம் பிறந்தது. வண்டியை அதில் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளாக மாற்றினாள். பாவாடையை நிஜாராக மாற்றினாள்.

முடிவில் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கை பின்வருமாறு: உள்ளே திண்டு வைத்துத் தைத்த சைக்கிள் நிஜார், அதன்மேல் கணுக்காலில் பட்டி கட்டிய தளர்ந்த கால்சட்டை, முழுக்கைச் சட்டை. துப்பட்டா கூடவே கூடாது. சக்கரம் அதை இழுத்தால் கழுத்தையும் சேர்த்து இழுக்கும். இதைக் கேட்டதும் அக்கா தானாகவே அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். தலைக்கவசத்துக்கு விவாதமே இல்லை.

கதர் அபிமானிகள் என்னை மன்னிக்க வேண்டும். நானும் அவர்களில் ஒருவன்தான். மேட்டுப்பாளையம் வரையில் கதர்ச் சட்டைக்கு நிகர் கிடையாது. வேர்வையை உறிஞ்சி, காற்றுப் பட்டதும் குளிர்ச்சி தரும். குன்னூருக்கு மேலே அதே குணம் பகையாகிறது. நனைந்த பருத்தி உலராமல் உடம்பின் சூட்டை உறிஞ்சும். இறக்கத்தில் காற்று வீசினால் பல் கிட்டும், விரல் விறைக்கும். விறைத்த விரல் பிரேக்கை எப்படிப் பிடிக்கும்? மெல்லிய கம்பளி பனியன் நனைந்தாலும் சூடு காக்கும். ஆகவே மேலே போனதும் மாற்றிக்கொள்ள அது ஒன்று, காற்று புகாத மேலங்கி ஒன்று, கையுறை ஒரு ஜோடி. இறங்கும்போது மார்பில் பத்திரிகைக் காகிதத்தை மடித்துச் செருகிக்கொள்வது பழைய பந்தய வீரர்களின் வழக்கம். இந்த வாரப் பத்திரிகையின் பழைய இதழ்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. தடித்த தலையங்கம் உள்ள இதழாகப் பார்த்து எடுக்கவும்.

மூட்டை விஷயம் பாக்கி. 1884-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் புறப்பட்டு, முதன்முதலாக உலகைச் சைக்கிளில் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் எடுத்துச் சென்றது காலுறை, ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. துப்பாக்கிக்குப் பதிலாக நாங்கள் இரண்டு டியூப், பங்சர் ஸாமான், பம்ப், செயின் பிரிக்கும் கருவி, நாலு ஆரக்கம்பி வைத்தோம். எல்லாம் பின் சக்கரத்தின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் இரண்டு பைகளில். முதுகில் ஒன்றும் கிடையாது. மொத்தம் ஒன்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று விதி.

தை மாதத்தில் உதகையில் உறைபனி என்பதால், மாசியில் புறப்படுவதாக ஏற்பாடு. கூட ஒரு தோழியும் போகிறாள். நேற்று மாலை பைகளை நிறுத்துப் பார்த்தோம். ஒன்பது கிலோ அறுநூறு கிராம். பெண் பையைக் குடைந்தாள். அடியில், துணிக்குள் சுற்றி, ஒரு கண்ணாடிப் பாட்டில் நாரத்தங்காய் ஊறுகாய் இருந்தது.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "படிக்கட்டில் விழுந்தவன் பேச்சைக் கேட்டு அதையும் எடுத்து விடாதே!" என்றாள்.

நான் என் முழங்கையை மெள்ள மறைத்துக்கொண்டேன். ஊறுகாயை ஒரு சிறு பொட்டலத்தில் மாற்றிக் கட்டிக் கொடுத்தோம். நூறு கிராம்.