பக்கத்து வீட்டு முதுசொம்

வெள்ளவத்தை காலி வீதியிலயோ கொட்டாஞ்சேனையிலயோ பாமசிக்குக் குறைவில்லை. "தொண்டை நோகுது அண்ணை" எண்டு சொன்னா, சீட்டுக் கேக்காமலே நாலு அமொக்சிசிலின் குளிசையை வெட்டித் தாற கடைகளும் இருக்கு. ரெண்டு நாள் போட்டிட்டு மிச்சத்தை மேசை லாச்சிக்குள்ள வைக்கிறதும் வழக்கம்தான். "என்ர உடம்பு, என்ர குளிசை, மற்றவைக்கு என்ன?" எண்டு கேப்பினம். மற்றவைக்கும் இதில பங்கிருக்கு எண்டு நாங்கள் சொல்லுறம்.

ஏ.எல் உயிரியல் படிச்சவைக்கு கிரிஃபித்தின் எலிகளைத் தெரியும். 1928இல் அவர் நிமோனியா பற்றீரியாவில் இரண்டு வகைகளை எடுத்தார். ஒன்று எலியைக் கொல்லும், மற்றது கொல்லாது. கொல்லும் வகையைச் சூடாக்கிச் சாகடித்து, கொல்லாத வகையோடு உயிருடன் கலந்து ஏற்றினார். எலிகள் செத்தன. சாதுவாக இருந்த பற்றீரியா, செத்ததிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தது. அது டி.என்.ஏ என்று 1944இல் ஏவரி, மக்லியொட், மக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். இதுதான் ட்ரான்ஸ்ஃபோமேஷன்.

எங்களுக்கு முதுசொம் தாய் தகப்பனிட்ட இருந்துதான் வரும். பற்றீரியாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் வரும். செத்த கலம் உடைந்து வெளியே வரும் டி.என்.ஏயில் ஓர் இழையை நிமோனியா பற்றீரியா உள்ளே இழுக்கும். மற்ற இழை சிதைந்துபோகும். உள்ளே வந்த துண்டு, தன்னை ஒத்த இடம் பார்த்துப் பழையதை மாற்றிவிட்டுக் குந்திக்கொள்ளும்.

இனி எங்கட தொண்டைக்கு வருவம். அங்க ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மைட்டிஸ் எண்டு ஒரு பற்றீரியா இருக்கு. பொதுவாக ஒரு கரைச்சலும் தராது. தடிமனுக்கோ டெங்குவுக்கோ அன்டிபயோட்டிக் போட்டால் வைரசுக்கு ஒண்டும் நடக்காது. அடி வாங்கிறது மைட்டிஸ் மாதிரி அப்பாவிகள்தான். அதில மருந்தைத் தாங்கக்கூடியவை மிஞ்சிப் பெருகும். பிறகு நிமோனியா பற்றீரியா அதே தொண்டைக்கு வந்தால், பெனிசிலினைத் தாங்கும் வித்தை அங்கே தயாராய்க் கிடக்கும். இது வெறும் ஊகமில்லை. பெனிசிலினுக்கு மசியாத நிமோனியா பற்றீரியாக்களின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தபோது, மைட்டிஸ் போன்ற அயலவர்களின் துண்டுகள் அவற்றில் ஒட்டுப்போட்டபடி இருந்தன. அந்தப் பற்றீரியா ஒரு தொண்டையோட நிக்காது. இருமலோட அடுத்த ஆளுக்குப் போகும்.

சீட்டில்லாமல் அன்டிபயோட்டிக் விக்கக்கூடாது எண்டு இலங்கையில சட்டம் இருக்கு. ஆனா பாமசிக்காரரை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. தனியார் டொக்டரிட்டப் போனால் காசு போகும், அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் போகும். நாள் கூலிக்குப் போறவர் வேற என்ன செய்வார்? சட்டத்தை இறுக்கிறதெண்டால், வேலை முடிஞ்சு வாறவைக்குப் பின்னேரத்திலயும் அரசாங்க வைத்தியம் கிடைக்கவேணும். ரெண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் கேக்கவேணும்.

அதுவரைக்கும் வீட்டில செய்யக்கூடியது இருக்கு. லாச்சியில கிடக்கிற மிச்சக் குளிசையை ஆருக்கும் பங்கு போடாதேங்கோ. டொக்டர் "இது வைரஸ்" எண்டால், அன்டிபயோட்டிக் கேட்டு அடம்பிடிக்காதேங்கோ. அவர் தந்தால், சொன்னபடி போடுங்கோ.

பக்கத்து ஃபிளாட் கைக்குழந்தைக்கு நிமோனியா வந்தால் வேலை செய்யவேண்டிய மருந்து அது. அதை எங்கட தடிமனுக்குச் செலவழிக்க எங்களுக்கு உரிமை இல்லை.