தொடங்கிய கதையை முடிப்போம்

கதை எழுத விரும்பும் மாணவர் பலருடைய ஏடுகளைப் புரட்டினால் ஓர் ஒற்றுமை புலப்படும். முதற்பக்கம் அழகிய கையெழுத்தில் நிறைந்திருக்கும். இரண்டாம் பக்கத்தில் அடித்தல் திருத்தல்கள் மிகும். மூன்றாம் பக்கம் வெறுமையாய் இருக்கும். அடுத்த தாளில் வேறொரு கதை தொடங்கியிருக்கும். இவ்வாறு பத்துக் கதைகளைத் தொடங்குவதைவிட, ஒரு கதையைக் குறைகளோடேனும் முடித்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. தமிழகத்துக்கு வெளியே வளரும் மாணவர்களுக்கு இது மேலும் பொருந்தும்.

கதை ஏன் இடையில் நின்றுவிடுகிறது? கற்பனை வற்றிவிட்டது என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பலருக்குக் கற்பனை வற்றுவதில்லை, சொல்தான் கிடைப்பதில்லை. வீட்டில் தமிழும், வகுப்பில் ஆங்கிலமும், வீதியில் இந்தியோ மராத்தியோ பேசி வளரும் ஒருவருக்குக் காட்சி கண்முன் தெளிவாக நிற்கும். அதற்குரிய தமிழ்ச்சொல் மட்டும் நினைவுக்கு வராது. எழுதுகோல் அங்கே நின்றுவிடும்.

தில்லியில் பயிலும் மாணவி ஒருத்தி, ஊரிலுள்ள பாட்டி வீடு விற்கப்படுவதைப் பற்றிக் கதை எழுதுவதாகக் கொள்வோம். வீட்டு வாயிலின் இருபுறமும் அமர்வதற்காகக் கட்டப்பட்டுள்ள மேடையை அவள் குறிப்பிட வேண்டும். இந்தியில் அதனைச் 'சபூத்ரா' என்று சொல்ல அவளுக்குத் தெரியும், தமிழில் தெரியாது. அவள் அவ்விடத்தில் 'சபூத்ரா' என்றே எழுதி, அடிக்கோடிட்டு, மேலே செல்ல வேண்டும். அதுவும் தோன்றாவிடில் சிறிது இடம் விட்டுச் செல்லலாம். கதை முடிந்தபின் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், "அதுதான் திண்ணை, கண்ணு" என்று விடை வரும். தேவை நேர்ந்தபோது தேடிப் பெற்ற சொல் எளிதில் மறவாது.

முதலிலேயே பிறமொழிச் சொற்கள் கலந்தால் தமிழ்நடை கெடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும், நடையைச் செப்பம் செய்ய வேண்டிய இடம் இரண்டாம் எழுத்துப்படியே. கதையை இறுதிவரை கொண்டுசெல்வது முதற்படியின் பணி. 'சபூத்ரா' என எழுத நாணிக் கதையைக் கைவிட்ட மாணவி, 'திண்ணை' என்னும் சொல்லைத் தேடவே போவதில்லை. நம் கதை நிற்கும் இடம் பெரும்பாலும் நம் தமிழ் நிற்கும் இடமே. அங்கேயே நிறுத்தினால், ஏற்கெனவே அறிந்த தமிழோடு நாமும் நின்றுவிடுவோம். அவ்விடத்தைக் கடந்து எழுதும்போதுதான் மொழி வளர்கிறது.

அடுத்து என்ன நிகழும் என்று தெரியாமல் திகைப்பது இன்னொரு தடை. கதைமாந்தர் விரும்புவது எது, அதற்கு இடையூறாக நிற்பது எது என்னும் இரு வினாக்களை அப்போது எழுப்பிக்கொள்ள வேண்டும். மேற்கூறிய கதையில், பேத்தி பாட்டி வீட்டு ஊஞ்சலைத் தில்லிக்குக் கொண்டுவர விரும்புகிறாள். அவர்கள் வாழும் இரண்டறை வீட்டிலோ அதனை மாட்ட இடமில்லை. ஊஞ்சல் யாரிடம் போய்ச் சேரும் என்பதை முடிவு செய்துவிட்டால், இறுதிப் பத்தியை முன்னதாகவே எழுதிவிடலாம். செல்ல வேண்டிய ஊர் தெரிந்தபின் வழி தேடுவது எளிது. அன்றன்று எழுதி நிறுத்தும்போது, மறுநாள் எழுத வேண்டியதை ஒரு வரியில் குறித்து வைப்பதும் நன்று.

முடிக்க வேண்டிய நாளை வரையறுத்துக்கொள்வதும் துணைசெய்யும். கல்கி 'பொன்னியின் செல்வன்' என்னும் புதினத்தை 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக எழுதினார். எழுதும் மனநிலை வரட்டும் என்று வார இதழ் காத்திராது. ஐந்து பாகங்களாக விரிந்த அக்கதை முடிந்தபோதும், கதைமாந்தர் சிலர் பின்னர் என்ன ஆயினர் என்று வாசகர்கள் வினவினர். முடிவுரை எழுதி அவர் விடையளித்தார். எல்லா முடிச்சுகளும் அவிழ்ந்தால்தான் கதையை முடிக்கலாம் என்று நாம் தயங்க வேண்டியதில்லை என்பதை இதனால் அறியலாம்.

முற்றுப்பெறாத நூல்கள் பெரியோரிடத்தும் இல்லையோ எனில், உண்டு. பாரதியாரின் 'சந்திரிகையின் கதை' முற்றுப்பெறாத நிலையில் 1921இல் அவர் மறைந்தார். உ.வே. சாமிநாதையர் இதழில் தொடராக எழுதிவந்த 'என் சரித்திரம்' 1942இல் அவர் மறைவோடு நின்றது. கல்கி விட்டுச்சென்ற 'அமரதாரா'வை அவருடைய மகள் ஆனந்தி எழுதி நிறைவு செய்தார். அவர்களுடைய எழுத்தை நிறுத்தியது மரணம். நம் எழுத்தை ஒரு சொல்லோ, ஒரு சோம்பலோ, 'நன்றாக வரவில்லை' என்னும் ஐயமோ நிறுத்திவிட இடம் கொடுக்கலாமா?

நாம் வாழும் நகரங்களும் தமிழ்க் கதைக்கு உரியனவே. ஆதவனின் 'காகித மலர்கள்' தில்லியில் நிகழும் புதினம். நாஞ்சில் நாடனின் 'மிதவை', வேலை தேடி மும்பைக்குச் செல்லும் இளைஞனைப் பற்றியது. நீங்கள் வாழும் குடியிருப்பின் மாடிப்படியையும், நீங்கள் ஏறும் மெட்ரோ ரயிலையும், விடுமுறையில் சென்று திரும்பும் ஊரையும் உங்களைப்போல் அறிந்தவர் வேறெவர்? அவற்றைத் தமிழில் சொல்ல நீங்களே முன்வர வேண்டும்.

ஆகவே, மாணவர்களே, புதிய கதை தொடங்குமுன் பழைய ஏட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதியில் நிற்கும் கதைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெரியாத சொல்லுக்கு இடம் விட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி முடியுங்கள். பிறகு, விட்ட இடங்களை நிரப்புவதற்காக வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அக்கதையைப் படித்துக் காட்டுங்கள்.