துண்டு ஒண்ணுதான், இடம்தான் வேற

பினாங்கு ஜாலான் குருத்வாராவுல, 1903-ல் கட்டி முடிச்ச வட்டா குருத்வாரா சாகிப்புக்கு நம்மில் பலரும் போறோம், லங்கர் சாப்பிடுறோம். ஆனா சிலர் அரைச் சிலுவாரோட போறாங்க. தலை மூடத் துணி குடுத்தா, "நாம சீக்கியரா?"ன்னு முணுமுணுக்கிறாங்க.

தைப்பூசத்துல கோயில் வாசல்ல நிக்கிற நாங்க, வெளியாட்கள்கிட்ட தோளையும் முழங்காலையும் மூடச் சொல்றோம். அவங்களும் முகம் சுளிக்காம கேட்கிறாங்க. நமக்கு மட்டும் என்ன?

நம்ம சன்னதியில ஆண்கள் துண்டை இடுப்புல கட்டுறது மரியாதை. அங்க ஆணும் பெண்ணும் தலையை மூடுறது மரியாதை. குரு கிரந்த் சாகிப்பை அவங்க வாழும் குருவாவே வணங்குறாங்க. குருவைப் பார்க்கப் போற மாதிரியே போவோம். கிளம்பும்போதே ஒரு துண்டு எடுத்துக்குவோம்.