ஒட்டுக்காது யானைகள்

குடும்பத்தோடு கண்டு களிக்கத்தக்க காட்டுப் படம் என்று விளம்பரம் வந்துவிட்டால் போதும், நம்மவர் பிள்ளை குட்டிகளுடன் சென்று காசைக் கொட்டி வருகின்றனர். உழைத்துக் களைத்தவருக்குப் பொழுதுபோக்கு வேண்டும். அதை நாம் குறை கூறவில்லை. அங்கே நம் மக்கள் காண்பது எவருடைய காடு என்பதே நமது கேள்வி.

அமெரிக்கரான எட்கர் ரைஸ் பரோஸ் 1912-ல் டார்ஜான் கதையை வெளியிட்டார். அவர் ஆப்பிரிக்காவில் காலடி வைத்தவரல்லர். பின்னர் ஜானி வைஸ்முல்லர் நடித்த டார்ஜான் படங்களில், இந்திய யானைகளுக்குப் பெரிய பொய்க்காதுகளை ஒட்டி ஆப்பிரிக்க யானைகளென்று காட்டினார்கள். அந்த மோகம் நம்மையும் பற்றிற்று. 1938-ல் ‘வனராஜ கார்ஸன்’ என்றொரு தமிழ்ப் படமே வந்தது. பெயரில் ஓரெழுத்தை மாற்றியதே நம்மவர் செய்த புதுமை! யானை நம்முடையது, காது அயலானுடையது. மொழி நம்முடையது, கதை அயலானுடையது.

ஒட்டுவேலை அத்துடன் நின்றதா? இல்லை. அயலான் ஒட்டியது காதை. நம்மவர் ஒட்டியதோ மூடநம்பிக்கையை. பாம்பு பெண்ணுருக் கொண்டு பழிதீர்க்கும் என்று 1979-ல் ‘நீயா?’ படம் காட்டிற்று, கூட்டம் அலைமோதிற்று. பட்டணத்தான் இதைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். பால்மரத்தடியிலும் செம்பனைக் காட்டிலும் மெய்ப்பாம்போடு காலங்கழிப்பவன் நம்பிவிட்டால் உயிரன்றோ போகும்! கடித்த இடத்தைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், அசையவிடாது கிடத்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டோடி விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். இதைச் சொல்ல ஒரு காட்டுப் படத்துக்கு வாய் வராதா? மந்திரிப்பவனுக்கும் விரதத்துக்கும் மட்டுமா வாய் வரும்?

இனி, நம் வாசலைப் பார்ப்போம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-ல் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசகானிலும் பயிரிட்டார். காடிருந்த இடத்தில் எழுந்த இத்தகைய தோட்டங்களிலே, நெற்றி விளக்கோடு விடியுமுன் பால் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அலோர் காஜா என்னும் ஊரின் பெயரிலேயே யானை நிற்கின்றது. ஜாசின் பக்கத்துப் பிள்ளைகள் அண்ணாந்தால் 1,276 மீட்டர் உயர லேடாங் மலை தெரிகின்றது. இவ்வளவும் கண்முன் இருக்க, காட்டைப் பார்க்க நாம் டிக்கெட் வாங்குகிறோம்!

“பணத்துக்கு எங்கே போவது?” என்பார்கள். அந்த லேடாங் மலைக்கதையை 2004-ல் பெருஞ்செலவில் மலாய்ப் படமாக்கினர், உண்மையே. ஆனால், ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணொருத்தி பல்கலைக்கழகம் செல்ல ஆசைப்பட்ட கதையை 2005-ல் ‘செம்மண் சாலை’ சிறு முதலிலேயே சொல்லிற்று. தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனைக் காட்டிய ‘ஜகாட்’ 2015-ல் வந்து, மறுஆண்டு நாட்டின் சிறந்த திரைப்படமென விருதும் பெற்றது. ஆகவே குறைவது பணமன்று. நம் வாழ்வும் கதையாகத் தக்கது என்னும் தன்மதிப்பே குறைகின்றது.

சிங்கமும் வேண்டாம், பொய்க்காதும் வேண்டாம். மலையடிவாரத்தில் வழிதவறிய ஒரு பிள்ளை, தேடிச் செல்லும் தாய் தந்தை, ஓர் இரவு, ஒரு நெற்றி விளக்கு, இவை போதும். அட்டையை எப்படி எடுப்பது, காட்டாறு எப்போது பெருகும், எந்தத் தடம் பன்றியுடையது என்றறிந்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, பேரப்பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடிகளில் வளர்கின்றனர். பாட்டியோடு அவ்வறிவும் புதைந்த பின்னர் எத்தனை இலட்சம் கொட்டினாலும் அந்தப் படத்தை எடுக்க இயலாது.

இளைஞர்களே! காமிராவைத் தூக்குமுன் பாட்டியின் காலடியில் ஒரு மாலைப்பொழுது அமருங்கள். பெற்றோர்களே! அடுத்த காட்டுப் படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன், அந்த யானையின் காது யாருடையது என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள்!