கணக்கில் வராத புத்தகங்கள்

கார்த்திகை தீபம் முடிந்து திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சுவிட்ட வாரத்தில் புத்தக அலமாரியைத் துடைத்தேன். நடுத்தட்டில் நான்கு விரல் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. ஆடி மாதத்திலிருந்து நான் படித்து முடித்த மூன்று நாவல்கள் அங்கேதான் நின்றிருந்தன. மூன்றும் இப்போது வேறு வீடுகளில் இருக்கின்றன. ஒன்று கடல் தாண்டியே போய்விட்டது. நான்காவது புத்தகம் போவதற்காக மேசைமேல் காத்திருந்தது.

முன்பெல்லாம் இப்படி ஓர் இடைவெளியைப் பார்த்தால் உடனே நோட்டைத் தேடியிருப்பேன். இருபது வருடமாக நான் எழுதிவந்த இரவல் கணக்கு நோட்டு அது. புத்தகத்தின் பெயர், வாங்கியவர், வாங்கிய தேதி, திருப்பிய தேதி என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அந்தக் காலிக் கட்டங்கள் என்னை அரித்துக்கொண்டே இருந்தன. ஒருமுறை ஒரு தோழியின் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். கூடத்து அலமாரியில் என் புத்தகம் இருப்பதைக் கண்டு, விருந்தினர் நடுவில், “இது என்னோடதுதானே?” என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. புத்தகம் மறுநாளே வந்துவிட்டது. தோழி அதற்குப் பிறகு என்னிடம் எந்தப் புத்தகமும் கேட்கவில்லை. அன்று நான் இழந்தது எந்த நோட்டிலும் எழுத முடியாதது.

இந்த ஆடியில் ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பை மறுபடி எடுத்தேன். 2011இல் நம் ஊர் வம்சி புக்ஸ் வெளியிட்ட புத்தகம். உண்மையில் வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதப்பட்ட கதைகள். அதில் ‘சோற்றுக்கணக்கு’ என்று ஒரு கதை. திருவனந்தபுரம் சாலை பஜாரில் கெத்தேல் சாகிப் என்பவர் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். சாப்பிட்டவரிடம் அவர் காசு கேட்பதில்லை. ஓர் உண்டியல் இருக்கிறது. போடுகிறவர் போடலாம், போடாதவர் போடாமலே போகலாம். பசியோடு வரும் ஏழை மாணவனுக்கும் மீன் துண்டு அதே அளவில்தான் இலையில் விழுகிறது. பின்னால் அந்த மாணவன் சம்பாதித்து, ஒருநாள் கட்டுக்கட்டாகப் பணத்தை உண்டியலில் போடுகிறான். சாகிப்பின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எப்போதும் போலப் பரிமாறுகிறார்.

இதை எத்தனையோ முறை படித்தவள் நான். இந்தமுறை படித்து முடித்தபோது நோட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரிலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி யாரென்று கேட்காமல் சோறு போடுகிற ஊரில் பிறந்தவள், புத்தகத்துக்கு மட்டும் ஏன் கணக்கு வைத்தேன் என்று தோன்றியது. அன்றைக்குக் கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு நிறுத்தினேன்.

கணக்கை நிறுத்தியபின் வேறொரு பொறுப்பு வந்து சேர்ந்தது. திரும்பி வரும் என்றால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். திரும்பாது என்று தெரிந்து கொடுக்கும்போது, இது யார் கைக்குப் போக வேண்டும் என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையில்தான் படித்த புத்தகம் எனக்கு முழுசாகப் புரிகிறது.

முதலில் போனது சோ. தர்மனின் ‘சூல்’. 2019ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். எட்டயபுரம் சீமையில் உருளைக்குடி என்ற ஊர், அதன் கண்மாய், அந்தக் கண்மாயைச் சுற்றி வாழும் சனங்கள். நீர் நிரம்பிய கண்மாயைக் கர்ப்பிணியாகப் பார்க்கிற தலைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. மீன், பறவை, மரம், சாமி, மனிதர் என்று எல்லா உயிரும் ஒரே தண்ணீரில் முளைக்கிற முதல் பாதியை நான் மிக மெதுவாகப் படித்தேன். ஊர் தன் பொறுப்பில் வைத்திருந்த கண்மாய் கைமாறித் தூர்ந்துபோகிற பிற்பகுதியில் கதை வேகமெடுக்கிறது. எழுத்தாளரின் கோபம் பாத்திரங்களை முந்திக்கொண்டு பேசுகிறது. எனக்கு அது குறையாகத் தெரிந்தாலும், அந்தக் கோபம் பொய்யில்லை.

இதை எங்களுக்குப் பால் ஊற்றும் அண்ணனிடம் கொடுத்தேன். தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முடிவுசெய்து விட்டவர். அண்ணன் தினத்தந்தி தவிர வேறெதுவும் படித்து நான் பார்த்ததில்லை. “இவ்ளோ பெருசா இருக்குதேம்மா” என்றவர், இரண்டு மாதம் புத்தகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருநாள் காலையில் பால் கேனை இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பென்சிலில் இரண்டு வரிசையாகச் சொற்கள் எழுதியிருந்தார்.

அங்கே கண்மாய், நமக்கு ஏரி. அங்கே மடை, நமக்கு மதகு. அங்கே நீர்ப்பாய்ச்சி, நமக்கு நீர்க்கட்டி. அங்கே கண்மாய் நிரம்பினால் மறுகால் பாயும், நம் ஏரி நிரம்பினால் கோடி போகும். “பேருதாம்மா வேற. மத்ததெல்லாம் எங்கப்பா சொன்னதுதான். அவர் செத்தப்புறம் இதெல்லாம் யாரும் என்கிட்ட பேசினதில்ல” என்றார்.

நான் அந்த நாவலின் மொழியையும் கட்டமைப்பையும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதில் தன் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டாவது, இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதற்குத்தான். ரேவதி என்ற படித்த பெண், வீட்டார் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டும் இளைஞனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு உடல் தீயில் வெந்து புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். அப்பாவிடம் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தால் எதையும் வாங்க முடியவில்லை. நாவலின் பெரும்பகுதி நடப்பது வார்டுக்கு வெளியே, காத்திருக்கிறவர்களின் பேச்சில். வெறும் பேச்சிலேயே ஒரு நாவலை இத்தனை இறுக்கமாகக் கட்ட முடியும் என்பதை இமையம் காட்டியிருக்கிறார். இரண்டு இரவுகளில் முடித்தேன். மூன்றாவது இரவு தூக்கம் வரவில்லை.

இதை யாரிடம் கொடுப்பது என்று மூன்று வாரம் தவித்தேன். நமக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்தில் என்ன காயம் இருக்கிறதென்று முழுதாக நமக்குத் தெரியாது. சரியான புத்தகமே தவறான நாளில் ஒருவரை நோகடித்துவிடும். கடைசியில் அதைக் கேட்டு வாங்கிப் போனவர் எங்கள் தெரு நர்ஸம்மா. அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்குமேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீக்காய வார்டிலும் பல வருடம் இருந்தவர். “என்ன கதைன்னு சொல்லு” என்றார். சொன்னேன். “குடு” என்று கை நீட்டினார்.

பத்து நாள் கழித்து வாசலில் உட்கார்ந்து சொன்னார்: “நான் அந்தக் கதவை உள்ள இருந்துதான் பாத்திருக்கேன். மருந்து, கட்டு, சலைன்னு ஓடிக்கிட்டே இருப்போம். வெளிய வந்தா நாலு பேர் ஓடியாந்து கேப்பாங்க. எத்தனையோ நாள் எரிச்சல்ல ‘தள்ளுங்க, வழி விடுங்க’ன்னு போயிருக்கேன். அவங்க வெளிய உக்காந்து என்ன பேசிக்கிட்டு இருந்தாங்கன்னு இப்பதான் தெரியுது.” சற்று நேரம் நாங்கள் இருவருமே பேசவில்லை. அவர் அந்தப் புத்தகத்தை, தனக்குப் பிறகு அதே வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார் என்று பின்னர் அறிந்தேன். நானாக யோசித்திருந்தால் அந்த வாசகி எனக்குத் தோன்றியிருக்கவே மாட்டாள்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றில்லை. இரண்டாவது விதியில் வாசகர் தேடி வருகிறார். மூன்றாவதில் புத்தகம் தேடிப் போகிறது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகங்கள் கிளம்பியது இந்த மூன்றாவது விதி சாலையில் இறங்கி நடந்தது போலத்தான். நூலகத்தை நம்பாமல் நான் இதைச் சொல்லவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1948இல் நம் மாகாணம்தான். நான் படிக்கக் கற்றுக்கொண்டதே நூலகத்தில்தான். ஆனால் பால்கார அண்ணன் நூலகப் படியேறி ‘சூல்’ கேட்டிருக்க மாட்டார். அது அவர் கேனுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது.

மூன்றாவது புத்தகம் மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’, 2022ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆசிரியர் நம் மாவட்டத்தில் ஆட்சியராக இருந்தவர். வெளியிட்டது வந்தவாசியில் இருந்து இயங்கும் அகநி. 1760இல் அந்த வந்தவாசியில்தான் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்துத் தெற்கே காலை ஊன்றினார்கள். 42 வருடம் கழித்து, 1802இல், சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவரோடு 72 பேரையும் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அரசர் அங்கிருந்து சுமத்ராவின் பென்கோலனுக்குக் கொண்டுபோகப்பட்டு அதே வருடம் இறந்தார். அந்தக் கதைதான் நாவல். ஆவணங்களை நெருங்கிப் பின்தொடர்வதால் சில பக்கங்களில் கதை ஓட்டம் தளர்கிறது. ஆனாலும் வரலாற்றுப் புத்தகங்கள் ‘மற்றும் பலர்’ என்று கடந்துபோகும் மனிதர்கள் இதில் ஆளுக்கொரு பெயரும் ஊரும் வீடுமாக வருகிறார்கள். கப்பலில் ஏற்றப்படும் கட்டத்தில் அந்தப் பெயர்களின் கனம் நெஞ்சில் இறங்குகிறது.

எதிர்வீட்டுத் தம்பி புரட்டாசியில் வேலைக்காகக் கிளம்பினான். எங்கே என்றால், அதே பினாங்கு. பெட்டியை எடைபோட்டுப் போட்டு, அம்மா வைத்த ஊறுகாய் பாட்டிலையே வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். அவன் கையில் இந்தத் தடித்த புத்தகத்தைக் கொடுக்கத் தயங்கினேன். சொந்த ஊரைவிட்டுப் போகிறவனிடம் திரும்பி வராதவர்கள் கதையையா கொடுப்பது என்ற தயக்கமும் இருந்தது. அதை அவனிடமே சொன்னேன். “குடுங்கக்கா. அவங்களைக் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. நான் டிக்கெட் எடுத்துப் போறேன்” என்று தோள்பையில் வைத்துக்கொண்டான்.

ஒருமாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சாயங்கால வெளிச்சத்தில் கடல், தூரத்தில் ஒரு கப்பல். கூடவே அவன் குரல்: “அக்கா, இந்தப் பக்கமாத்தான் அவங்களை இறக்கியிருப்பாங்க இல்ல? ரூம்ல சிவகங்கைக்காரர் ஒருத்தர் இருக்காரு. புக்கு இப்ப அவர்கிட்ட.” அந்தக் குரலை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது ‘அறம்’. உண்மையைச் சொன்னால், இதைக் கொடுக்க எனக்கு மனமே இல்லை. பதினான்கு வருடத்துக்குமுன் நம் ஊரிலேயே வாங்கியது, ஓரங்களில் என் பென்சில் குறிப்புகள், முதுகு பிரிந்து நான் கோந்து வைத்து ஒட்டியது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பின்வீட்டுப் பெண், பதினோராம் வகுப்பு படிக்கிறவள், தமிழ்ப் புத்தகத்தோடு வந்து நின்றாள். அவள் பாடத்தில் ‘யானை டாக்டர்’ இருக்கிறது. காட்டு யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கே என்கிற கிருஷ்ணமூர்த்தியின் கதை. யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக் கொடுக்கலாம் என்று ஜெயமோகன் உரிமையை விட்டுக்கொடுத்த கதையும் அதுவே. வாசகர்கள் சிறு நூலாக அச்சடித்துப் பள்ளிக்கூடங்களில் கொடுத்தார்கள்.

“உடைஞ்ச பாட்டில் யானை காலில் குத்துமே, அதைப் படிச்சதிலேருந்து கிரிவலப் பாதையில காட்டோரமா பாட்டில் கிடந்தா எடுத்துடறேன் அக்கா. இந்த மாதிரி வேற கதை இருக்கா?” என்றாள்.

மேசைமேல் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். முதலில் ‘சோற்றுக்கணக்கு’ படி என்று பக்கத்தை மடக்கிக் காட்டினேன்.

“எப்ப திருப்பித் தரணும்?”

பழக்கத்தில் கை நோட்டுக்குப் போனது. திறந்தேன். நான் போட்ட கோட்டுக்கு மேலே இருபது வருட இரவல். கோட்டுக்குக் கீழே பால்கார அண்ணன் தந்த தாளை ஒட்டி வைத்திருந்தேன். அதற்கும் கீழே, அதன்பிறகு அவர் தினம் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஏரிச் சொற்கள், என் கையெழுத்தில்.

அவள் எட்டிப் பார்த்தாள். “இதுல ‘கோடி’ன்னா என்னக்கா? பணமா?”

“காலையில ஆறு மணிக்குப் பால் வரும்போது வா. அண்ணாவே சொல்வார்” என்றேன்.