பாடலால் நிமிர்ந்த பல்கலைக்கழகம்

பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் காலத்தில் எமது வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பாட்டு வகுப்பேயாகும். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் கூட்டப்படும். சுருதிப்பெட்டி அலுமாரிக்குள் போய்விடும். பாட்டு வேறு, படிப்பு வேறு என்பது எம்மிற் பலரது உறுதியான எண்ணம். ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில் நாமும் பெற்றோருக்கு அவ்வாறே ஆலோசனை கூறியதுண்டு. அது தவறென்று இன்று கருதுகின்றோம். பாட்டினாற் காப்பாற்றப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறே எமது மனத்தை மாற்றியது.

அமெரிக்காவின் ரென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரில் இருக்கின்றது பிஸ்க் பல்கலைக்கழகம். உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்றதற்கு மறு ஆண்டு, 1866 இல், படையினரின் பழைய வைத்தியசாலைக் கொட்டில்களில் அது தொடங்கப்பட்டது. அமெரிக்க மிஷனரிச் சங்கம் என்னும் கிறிஸ்தவ அமைப்பு அதற்குத் துணை நின்றது. நேற்றுவரை எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த மக்கள் சிறுவரும் முதியவருமாக அங்கு வந்து குவிந்தனர். அடிமைகளை அடைத்து வைத்த இடத்தில் எஞ்சிக் கிடந்த விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்திற் புத்தகம் வாங்கினார்கள் என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகின்றது.

அச்சங்கத்தைப் பற்றி எம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவி எமக்கு உயர்கல்வி தந்த அமெரிக்க மிஷன், தனது நாட்டில் நிலவிய அடிமை முறைக்கு எதிராக உறுதியாகக் குரல் கொடுக்கவில்லை என்ற மனக்கசப்பு அந்நாட்டுக் கிறிஸ்தவர் சிலரிடம் இருந்தது. அவ்வாறு கசந்தோர் 1846 இல் ஒன்றுகூடி அமைத்ததே இந்தச் சங்கம். ஒரே வேதத்தை வாசித்தவர்களே இரு பக்கமாயினர். கல்விக்கூடம் கட்டுவது விசுவாசத்தின் ஒரு பாதி. அநீதியைக் கண்டு வாய் திறப்பது மறுபாதி. இரண்டாவது பாதியிலேதான் பிஸ்க் பிறந்தது.

ஐந்தாண்டுகளுக்குள் கடன் கழுத்தை நெரித்தது. கொட்டில்களோ உக்கிக்கொண்டிருந்தன. பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் இருந்த ஜோர்ஜ் வைற், ஒன்பது மாணவரை அழைத்துக்கொண்டு 1871 ஒக்ரோபர் 6 ஆம் திகதி நிதி திரட்டப் புறப்பட்டார். சின்சினாற்றி நகரிற் கிடைத்த முதல் வரும்படி ஐம்பது டொலருக்கும் குறைவு. அதனையும் அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அவ்வேளை பெருந்தீயினால் வீடிழந்து நின்ற சிக்காகோ மக்களுக்கே கொடுத்துவிட்டனர்.

ஆரம்பத்தில் அவர்கள் மேடையிற் பாடியவை பெரும்பாலும் வெள்ளையர் விரும்பிக் கேட்ட பாடல்களே. தம் பெற்றோர் அடிமை வயல்களிலும் இரகசிய வழிபாடுகளிலும் பாடிய பாடல்களைத் தமக்குள்ளேதான் பாடிக்கொண்டனர். அவற்றை அந்நியர் முன் பாட மாணவர் தயங்கியதை, குழுவின் பியானோ வாத்தியக்காரியான எல்லா ஷெப்பேர்ட் பின்னர் எழுதி வைத்திருக்கின்றார். அப்பாடல்கள் அடிமை நாட்களின் நினைவு, பெற்றோருக்கோ புனிதமானவை. வெட்கமும் பக்தியும் ஒருங்கே அவர்களது வாயைக் கட்டின. ஈற்றில் அப்பாடல்களைப் பாடத் துணிந்தபோதே சபைகள் உருகின, பணமும் சேர்ந்தது. அடிமைகள் விடுதலை பெறும் ஐம்பதாவது ஆண்டு என வேதம் கூறும் யூபிலியின் பெயரை அக்குழு ஏற்றது. முதற் பயணத்தில் 20,000 டொலர் திரண்டது. 1873 இல் அவர்கள் இங்கிலாந்தில் விக்ரோறியா மகாராணி முன் பாடினர். 1876 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட யூபிலி மண்டபம், அக்குரல்கள் சம்பாதித்த பணத்தில் எழுந்து இன்றும் நிற்கின்றது.

இதனை இனிய கதையாக மட்டும் சொல்லிவிடலாகாது. தங்குவதற்கு விடுதிகள் இடம் மறுத்தன. ஓய்வற்ற பயணத்தினாற் பலர் நோயுற்றனர். பாடச் சென்றவர்களின் படிப்புத் தடைப்பட்டது. அவர்கள் கட்டிய மண்டபத்தின் பயனை அடைந்தோர் அவர்களுக்குப் பின் வந்தவர்களே.

ஆயினும் பின் வந்தோர் அக்கடனை மறக்கவில்லை. 1885 முதல் 1888 வரை அங்கு பயின்ற டூ போய்ஸ், 1903 இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற நூலில் அத்துயரப் பாடல்களுக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். அங்கு இலத்தீனும் வரலாறும் கற்பித்த ஜோன் வேர்க், தம் சகோதரரோடு சேர்ந்து அப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்தார். அதே பெயர் கொண்ட அவரது மகனும் அங்கு பேராசிரியராகி, 1941 இல் மிசிசிப்பிப் பகுதியின் நாட்டார் இசையை ஆராயும் பணியில் ஈடுபட்டார். அன்று பாட்டுப் படிப்பைக் காத்தது. பின்னர் படிப்புப் பாட்டைக் காத்தது. யூபிலி பாடகர் குழு இன்றும் இயங்குகின்றது. 2021 இல் அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது.

அவர்களது துயரமும் எமது துயரமும் ஒன்றென்று நாம் கூறவரவில்லை. ஆனால் அம்மாணவரின் தயக்கம் எமது பிள்ளைகளிடமும் இருக்கின்றது. அம்மம்மாவின் தாலாட்டையும் ஒப்பாரியையும், பெரிய வெள்ளியிற் பாடப்படும் பசாமையும், கோயிலில் ஓதும் தேவாரத்தையும் பள்ளித் தோழருக்குக் கேட்கக்கூடாதவையாகவே பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தை விதைத்ததில் பெற்றோராகிய எமக்கும் பங்குண்டு. பட்டம் பெற்றால் மட்டுமே மதிப்பு என்று நாமல்லவோ போதித்தோம்!

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக் காலத்திலும் பாட்டு வகுப்பை நிறுத்தாதீர்கள். பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள், எத்துறையிற் பயின்றாலும், வீட்டிலுள்ள முதியவர் பாடும் ஒரு பாடலையேனும் ஒலிப்பதிவு செய்து, சொற்களை எழுதி, எவ்வூரில் எப்போது யாரிடம் கேட்டுப் பழகியது என்பதையும் குறித்து வைக்கட்டும். இலத்தீன் ஆசிரியர் ஒருவர் செய்த வேலையைக் கணினி படிக்கும் பிள்ளையாலும் செய்ய முடியும். பாடுவதற்கு அம்மம்மா இருக்கும்போதே அதனைத் தொடங்குவோமாக.